படக்கோப்பிலிருந்து வார்ப்புருவுக்கு: பள்ளித் தமிழ் ஆவணங்களை எழுத்தாக்குதல்

இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது. ஒரு படக்கோப்பை, மேக்ரோ இயங்கும் சொற்செயலி வார்ப்புருவாக மாற்றுவது எவ்வாறு என்பதே அது. தொடரின் முந்தைய உரைகளில் இலக்கணமும் இலக்கியமும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இது எழுத்தர் வேலைபோல ஒலிக்கக்கூடும். ஆயினும் நம் பள்ளிகளில் இன்று தமிழ் எந்த வடிவில் கைமாறுகிறது என்று எண்ணிப் பார்த்தால், இதனை ஒதுக்கிவிட இயலாது. பயிற்றித் தாள், மாதிரித் தேர்வுத்தாள், கட்டுரைப் போட்டி விதிமுறை, பழைய ஆண்டுமலர்ப் பக்கம் ஆகிய பலவும் புலனக் குழுக்களின் வழியே படமாகவே வந்து சேர்கின்றன. வந்த படத்தை வேர்ட் கோப்பாக்கித் தம் பள்ளியின் பெயரை மேலே இட்டு, வினாக்களை மாற்றி, ஒவ்வொரு தவணையும் பயன்படுத்த வேண்டும் என்று ஆசிரியர் விரும்புகிறார். அவ்விருப்பம் நியாயமானது. அதற்கென இணையத்தில் தேடினால், படத்தைக் கொடுங்கள், அரை நிமிடத்தில் டி.ஓ.டி.எம். கோப்பாகத் தருகிறோம் என்று அழைக்கும் தளங்கள் பல கிடைக்கின்றன. அவை தருவது என்ன, தராதது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் படம் என்பது யாது என்று காண்போம். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் செறிவில் வருடியால் வருடினால், அகலத்தில் 2480 புள்ளிகளும் உயரத்தில் 3508 புள்ளிகளும் கிடைக்கும். பெருக்கினால் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வண்ணம். வண்ணத்திற்கு மூன்று பைட்டு எனக் கொண்டால், சுருக்கப்படாத நிலையில் அப்பக்கம் 26 மெகாபைட்டு இடம் கொள்ளும். அதே பக்கத்தில் இருக்கும் தமிழை எழுத்தாகச் சேமித்தால், 2000 குறியீடுகள் என்று வைத்துக்கொண்டாலும், 6 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். இடச் சிக்கனம் நமக்கு இங்குப் பெரிதன்று. அந்த 87 இலட்சம் புள்ளிகளில் எந்த ஒன்றுக்கும் தான் ககரத்தின் பகுதி என்றோ, தாளில் தேநீர் சிந்திய கறை என்றோ தெரியாது என்பதையே கருத வேண்டும். படத்தில் தமிழைக் காண்பது நம் கண்தான். கணினி காண்பது வண்ணப் புள்ளிகளை மட்டுமே.

இனி வார்ப்புரு. வேர்டின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கோப்பின் பெயருக்குப் பின்வரும் நான்கெழுத்து ஒரு செய்தியைச் சொல்கிறது. டி.ஓ.சி.எக்ஸ். என்பது ஆவணம், டி.ஓ.டி.எக்ஸ். என்பது வார்ப்புரு, டி.ஓ.டி.எம். என்பது மேக்ரோவைத் தன்னுள் வைத்துக்கொள்ள அனுமதி பெற்ற வார்ப்புரு. இப்பெயர் உங்களுக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் வேர்ட் நிறுவப்பட்ட ஒவ்வொரு கணினியிலும் நார்மல்.டி.ஓ.டி.எம். என்னும் கோப்பு முன்பே இருக்கிறது. வெற்று ஆவணம் ஒன்றைத் திறக்கும்போதெல்லாம் எழுத்துருவும் ஓரமும் அதிலிருந்துதான் வருகின்றன.

இக்கோப்பினுள் இருப்பதைக் காண்பது எளிது. படியெடுத்து, அப்படியின் பெயர் முடிவை ஜிப் என்று மாற்றித் திறந்தால், அது பல கோப்புகளைக் கட்டிய பொட்டலம் என்பது விளங்கும். வேர்ட் என்னும் கோப்புறையில் ஆவணத்தின் உரை ஒரு கோப்பாகவும், நடைகள் மற்றொரு கோப்பாகவும் இருக்கும். படங்கள் மீடியா என்னும் உட்கோப்புறையில் இருக்கும். மேக்ரோ இருந்தால் அது விபிஏப்ராஜெக்ட் என்னும் தனிக் கோப்பாக இருக்கும். மாணவர்கள் இதனை இன்றே செய்து பார்க்கலாம். பத்துப் பக்க விளக்கத்தைவிட ஒரு முறை திறந்து பார்ப்பது தெளிவு தரும்.

அந்த மாற்றித் தரும் தளங்களின் விளைவை இவ்வாறு திறந்து பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் கொடுத்த படம் அப்படியே மீடியா கோப்புறையில் கிடக்கும். உரைக் கோப்பில் அப்படத்தை இவ்விடத்தில் காட்டுக என்னும் கட்டளை மட்டும் இருக்கும். ஒரு தமிழ்ச் சொல்லும் இராது. மேக்ரோக் கோப்பும் இராது. இருக்க வழியும் இல்லை. மேக்ரோ என்பது செய்யவேண்டிய பணிகளை வரிசையாகச் சொல்லும் நிரல். உங்கள் பள்ளியில் என்ன பணி என்று ஒரு படத்தைப் பார்த்து எந்தத் தளத்தால் அறிய இயலும்? ஆகவே பெயரில் வார்ப்புரு, உள்ளே புகைப்படம். சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய தாளில் திருத்தம் செய்ய முடியாததுபோல் இதிலும் செய்ய முடியாது. அதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. தேர்வுக்கு முன் வினாத்தாளின் படத்தை இன்னாரென்று அறியாத வழங்கியில் ஏற்றுவது, அதனைத் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும். இவ்வொரு காரணமே அத்தகைய தளங்களை ஆசிரியர் தவிர்க்கப் போதுமானது என்பது நம் கருத்து.

சிலர் கோப்பின் பெயர் முடிவை மட்டும் கையால் மாற்றிப் பார்ப்பதுண்டு. டி.ஓ.சி.எக்ஸ். கோப்பின் பெயரை டி.ஓ.டி.எம். என்று திருத்தினால் வேர்ட் அதனைத் திறக்க மறுக்கும். பொட்டலத்தினுள் இது எவ்வகைக் கோப்பு என்று எழுதிய சீட்டு ஒன்றுண்டு. அச்சீட்டும் பெயரும் ஒத்திருக்க வேண்டும். வேறு பெயரில் சேமி என்னும் கட்டளையின் வழியே வகையைத் தேர்ந்து சேமிப்பதே முறை.

ஆகவே உண்மையான மாற்றத்திற்கு இரண்டு படிகள் உண்டு. படம் எழுத்தாக வேண்டும். எழுத்து வார்ப்புருவாக வேண்டும். இரண்டாவது எளிது. முதலாவதில்தான் தமிழ் தன் முழு இயல்பையும் காட்டி நம்மைச் சோதிக்கிறது; அங்கே சற்று நின்று பேசுவோம்.

படத்திலுள்ள எழுத்தை அடையாளம் கண்டு குறியீடாக்கும் மென்பொருளை எழுத்துணரி என்கிறோம். எச்.பி. நிறுவனத்தில் உருவாகி 2005ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட டெசராக்ட் என்பது இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் எழுத்துணரிகளில் முதன்மையானது; 2018இல் வந்த அதன் நான்காம் பதிப்பு நரம்பியல் வலையமைப்பைக் கொண்டு வரி வரியாகப் படிக்கிறது; தமிழும் அறியும். கூகுள் டிரைவில் ஏற்றிய படத்தைக் கூகுள் ஆவணமாகத் திறந்தாலும் தமிழ் எழுத்து கிடைக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. இராமகிருஷ்ணன் குழுவினரும் தமிழ் எழுத்துணரி ஒன்றை உருவாக்கினர். பார்வையற்ற மாணவர்களுக்கு நூல்களைப் பிரெயிலில் அளிக்க அது பயன்பட்டது. ஜொகூர் பாருவில் பார்வையற்ற மாணவர்க்கென்றே பிரின்சஸ் எலிசபெத் பள்ளி நெடுங்காலமாக இயங்கி வருகிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்வோம். புலனத்தில் வரும் படத்தை, திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளால் படிக்க இயலாது. பார்வை குறைந்த ஒரு மாணவிக்கு நாம் அனுப்பும் படப் பயிற்றி, வெற்றுத் தாள்தான்.

எழுத்துணரியிடம் கொடுக்குமுன் படத்தின் தரத்தைப் பார்க்க வேண்டும். புலனம் படத்தைச் சுருக்கியே அனுப்பும். ஏ4 தாளின் நீளப் பக்கம் 1600 புள்ளிகளாகக் குறைந்தால், அங்குலத்திற்கு 137 புள்ளிகளே எஞ்சும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி எவ்வளவு சிறியது என்று எண்ணுங்கள். ஒன்பது பாயிண்ட் அச்சில் அதன் விட்டம் அங்குலத்தில் எண்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். 300 செறிவில் அதற்கு நான்கு படப்புள்ளிகள் கிடைக்கும். 137 செறிவில் இரண்டுகூட முழுதாகக் கிடையா. படத்தில் தூசியும் அதே அளவில் இருக்கும். தூசியை நீக்குமாறு மென்பொருளிடம் சொன்னால் அது மெய்ப்புள்ளியையும் துடைத்துவிடும். பட்டம் படடம் ஆகும். கல் கல ஆகும். ஆங்கில எழுத்தில் ஐ என்பதன் மேலுள்ள புள்ளி போனாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஆகவே படத்தை அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்புமாறு குழுவில் கேட்டுக்கொள்வது நன்று. அவ்வாறு அனுப்பினால் சுருக்கம் நிகழாது.

அடுத்தது காலும் ரகரமும். அச்சில் ஆகாரக் குறியாகிய காலுக்கும் ரகரத்திற்கும் உள்ள வேறுபாடு அடியில் சாயும் ஒரு சிறு கோடுதான். பல எழுத்துருக்களில் ரகரத்தின் மேல் புள்ளியோ இகரச் சுழியோ ஏறும்போது அச்சிறு கோடும் மறைந்துவிடும். ஆசிரியர் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ரிகரத்தையும் ஈற்று ரகர மெய்யையும், கால் என்று கொண்டு அதன்மேல் சுழியும் புள்ளியும் இட்டாற்போல எழுத்துணரி தந்துவிடுவதுண்டு. தட்டச்சிலும் இப்பிழை பரவலாக நிகழ்கிறது. திரையில் பார்த்தால் ஆசிரியர் என்றே தோன்றும். நூறு பேர் மெய்ப்புப் பார்த்தாலும் கண்ணுக்குச் சிக்காது. ஆனால் ஆசிரியர் என்று தேடினால் அச்சொல் அகப்படாது. படித்துக் காட்டும் மென்பொருள் அதனைத் தடுமாறி ஒலிக்கும். கண்ணுக்குச் சரியாகவும் கணினிக்குப் பிழையாகவும் இருப்பதால், நம் மெய்ப்புத் திருத்த மரபு இதற்கு முன் கண்டிராத புதுவகைப் பிழை என்றே இதனைச் சொல்லலாம்.

இதனைத் திருத்த ஒரு விதி உண்டு. அது மேக்ரோவுக்கு ஏற்றது. தமிழில் ஓர் உயிர்க்குறியின் மேல் மற்றொரு குறி ஏறுவதில்லை. ஆதலால் காலைத் தொடர்ந்து இகரக் குறியோ ஈகாரக் குறியோ புள்ளியோ வந்தால், அந்தக் கால் ரகரமாகவே இருந்தாக வேண்டும். விதிவிலக்கு இல்லை. ஆவணம் முழுதும் இதனைத் தேடி மாற்றுமாறு மேக்ரோவிடம் துணிந்து ஒப்படைக்கலாம்.

ஔகாரக் குறி இவ்வளவு எளிதன்று. அதன் வலப்பகுதி ளகரத்தை ஒத்திருப்பதால், ஒற்றைக்கொம்பும் வகரமும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால், அவற்றை வௌ என்று கொள்வதா, வெள என்று கொள்வதா என்பது மென்பொருளுக்குக் குழப்பம். வெள்ளம் என்பது வௌ்ளம் என்றும், வெளியீடு என்பது வௌியீடு என்றும் இணைய இதழ்களில் உலவுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இங்கும் முன்சொன்ன விதி பாதி உதவும்: ஔகாரக் குறியைத் தொடர்ந்து புள்ளியோ வேறு குறியோ வந்தால், அது கொம்பும் ளகரமுமே. எதிர்த் திசையில் விதி தடுமாறும். மெளனம், செளக்கியம் என்று ளகரமிட்டு அடித்தவற்றை மௌனம், சௌக்கியம் என்று திருத்த எண்ணி, எகரக் குறி ஏறிய எழுத்தையடுத்துத் தனி ளகரம் வருமிடமெல்லாம் மாற்றுக என்று ஆணையிட்டால், தோட்டப்புறக் கதையில் ஒரு பாட்டி வெளக்கு ஏத்தச் சொல்லும் உரையாடலும் மாறிப்போகும். மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளின் உயிர் அத்தகைய பேச்சில் இருக்கிறது. அவ்விடங்களை மேக்ரோ வண்ணமிட்டுக் காட்டட்டும். முடிவு செய்வது தமிழறிந்த மனிதராக இருக்கட்டும்.

பழைய அச்சில் மற்றொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் வெளியான அரசாணை, ணா, றா, னா முதலாகவும் ணை, லை, ளை, னை ஈறாகவும் 13 எழுத்துகளின் வடிவத்தைச் சீர்செய்தது. பெரியார் 1935 முதல் தம் குடியரசு இதழில் கையாண்ட வடிவம் அது. அதற்கு முற்பட்ட மலாயாத் தமிழ் அச்சில் பெரும்பாலும் பழைய வடிவங்களே இருக்கும். யானைத் துதிக்கைபோல் மேலே வளையும் ஐகாரக் குறியை இன்றைய மாணவர் பலர் வாசிக்கத் தெரியாமல் நிற்கின்றனர், எழுத்துணரியும் நிற்கிறது. ஒருங்குறியில் பழைய லைகாரத்திற்கும் புதியதற்கும் ஒரே குறியீடுதான். எழுத்தாக்கிய பிறகு, அந்நூல் எந்த வடிவில் அச்சானது என்னும் செய்தி உரைக்குள் இராது. அதற்காகவே மூலப்படத்தை ஒருபோதும் அழிக்கலாகாது என்கிறோம்.

இத்தனை இடர்ப்பாடு இருக்க, இதெல்லாம் ஆகக்கூடிய காரியமா என்று ஐயம் எழலாம். ஆகியிருக்கிறது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர், பல நாட்டுத் தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து வெளியிட்டனர். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்களின் படங்கள் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டவை எழுத்துணரி வழியே உரையாக்கப்பட்டு, தன்னார்வலர்களால் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கப்படுகின்றன. பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரில், 1965 முதல் 2015 வரையிலான அரை நூற்றாண்டின் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கும் திட்டத்தைத் தன்னார்வலரும் தேசிய நூலகமும் இணைந்து நிறைவேற்றினர். இவற்றில் எதுவும் பெரும் இயந்திரத்தால் மட்டும் ஆனதன்று. இயந்திரம் பாதி, பொறுமை பாதி.

நம் மாநிலத்தில் இதற்கு ஓர் அவசரமும் உண்டு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் பட்ட பாட்டை மூத்த ஆசிரியர்கள் மறந்திரார். 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் வட்டாரங்களில் மீண்டும் வெள்ளம். ஆற்றோரத்துப் பள்ளியின் அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கும் ஆண்டுமலர்களும் சேர்க்கைப் பதிவேடுகளும் எத்தனை வெள்ளத்தைத் தாங்கும்? தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பள்ளிகள் நகர்ந்தபோது காகிதங்களில் பல உடன் வரவில்லை. எஞ்சியதைப் படமெடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று எவரேனும் சொன்னால், பாதி வேலை முடிந்தது என்றே நாம் விடை சொல்வோம். நானூறு படங்கள் கொண்ட கோப்புறையில் ஒரு பழைய மாணவரின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க நானூறையும் திறந்தாக வேண்டும்.

இனி வார்ப்புருவுக்கு வருவோம். சரிபார்த்த உரை கிடைத்தபின், தேர்வுத்தாளில் மாறாதவை எவை, மாறுபவை எவை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பள்ளிப் பெயர், பாடம், ஆண்டு, நேரம், விடைக்கட்டம் ஆகியவற்றுக்கு நிரப்பிடங்கள் அமைக்கலாம். வினாவுக்கு ஒரு நடை, பாடற்பகுதிக்கு ஒரு நடை, விடைத்தெரிவுக்கு ஒரு நடை என வகுத்துவிட்டால், இடைவெளிப் பட்டையை அழுத்தி அழுத்தி வரிகளை நகர்த்தும் வழக்கம் நின்றுவிடும். அவ்வழக்கம் நம் பள்ளிகளில் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்பதை அறிந்தவர் அறிவர்.

மேக்ரோ இங்கு என்ன செய்யும்? வினாவெண்ணை ஒழுங்குபடுத்தும், மேலே சொன்ன ரகரத் திருத்தத்தைச் செய்யும், பழைய குறியேற்றத்திலுள்ள தாள்களை ஒருங்குறிக்கு மாற்றவும் செய்யும். இந்தக் கடைசிப் பணி நமக்கு மிக வேண்டியது. தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்த 2001ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், மலேசிய ஆசிரியர்கள் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலைக் கொண்டு தட்டச்சுச் செய்த கோப்புகள் பல இன்றும் விரலிகளில் இருக்கின்றன. அன்றைய டிஸ்கி முறையில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன: கொ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியில் முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி. ஆகவே மாற்றும் மேக்ரோ கொம்பைப் பிடித்து மெய்க்குப் பின்னே நகர்த்த வேண்டும். வரிசை முக்கியம். கொம்பும் காலும் சூழ்ந்தவற்றை முதலில் மாற்றி, தனிக் கொம்பைப் பிறகு மாற்ற வேண்டும். முன்பின்னாகச் செய்தால் காலொன்று அநாதையாக நிற்கும்.

மேக்ரோ எழுத முனையும் மாணவர்க்கு ஒரு தடை காத்திருக்கிறது. வேர்ட் ஆவணத்தில் தமிழ் அழகாகத் தோன்றும். ஆனால் மேக்ரோ எழுதும் சாளரத்தில் தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அச்சாளரம் ஒருங்குறிக்கு முற்பட்ட குறிப்பக்கங்களை நம்பியது. விண்டோசில் தமிழுக்கு அத்தகைய குறிப்பக்கம் எப்போதும் இருந்ததில்லை. ஆகவே எழுத்தை எண்ணால் குறிக்க வேண்டும். சி.எச்.ஆர்.டபிள்யூ. என்னும் செயற்கூற்றுக்கு 2949 என்று கொடுத்தால் அகரம் வரும், 2965 ககரம், 2992 ரகரம், 3006 கால், 3007 இகரக் குறி, 3021 புள்ளி. ரகரத் திருத்தம் என்பது 3006ஐ அடுத்து 3007 வருமிடத்தில் முன்னதை 2992 ஆக்குவதேயாகும். உயிரும் மெய்யும் எண்ணாவதைக் கண்டு தமிழாசிரியர் மனம் சுளிக்க வேண்டியதில்லை. மெய்யும் குறியும் தனித்தனியே நின்று கூடுவதை மாணவர் கண்ணால் காண இதைவிட நல்ல பயிற்சி அரிது.

மேக்ரோவின் ஆற்றலே அதன் அச்சமுமாகும். 1995இல் கான்செப்ட் என்னும் நச்சுநிரல் வேர்டின் பொது வார்ப்புருவுக்குள் குடியேறி, அக்கணினியில் சேமித்த ஆவணங்களுக்கெல்லாம் பரவியது. 1999 மார்ச்சில் மெலிசா, ஓர் ஆவணத்தைத் திறந்தவுடன் மின்னஞ்சல் முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. மேக்ரோ உள்ள கோப்புக்குத் தனிப் பெயர் முடிவு வைத்ததும், 2022 முதல் இணையத்திலிருந்து வந்த கோப்பின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கத் தொடங்கியதும் இவற்றின் தொடர்ச்சி. தடுப்பை நீக்க வழி சொல்லும் காணொலிகள் ஏராளம். அனுப்பியவர் இன்னாரென்று தெரியாத வார்ப்புருவுக்கு அத்தடுப்பை நீக்கலாகாது.

நம் பரிந்துரை இதுதான். மேக்ரோ இயங்கும் வார்ப்புரு, தாளைத் தயாரிக்கும் ஓரிருவர் கணினியில் மட்டும் இருந்தால் போதும். திருத்தப் பணி முடிந்ததும், மேக்ரோ இல்லாத டி.ஓ.டி.எக்ஸ். வடிவிலோ வெறும் ஆவணமாகவோ சேமித்தே பிறருக்கு அனுப்ப வேண்டும். மாணவரும் ஆசிரியரும் டெலிமா தளத்தின் வழியே கூகுள் ஆவணத்தில் திறக்கும்போதோ கைப்பேசியில் திறக்கும்போதோ அந்த மேக்ரோ எவ்வாறாயினும் இயங்கப்போவதில்லை. இயங்காத ஒன்றைச் சுமந்து சென்று எச்சரிக்கைப் பட்டையைக் காட்டுவதில் பயனில்லை.

முதல் முயற்சியாக ஒவ்வொரு பள்ளியும் ஓர் ஆண்டுமலரை எடுத்துக்கொள்ளலாம். 300 செறிவில் வருடி, இழப்பில்லாத டிஃப் வடிவிலோ பி.என்.ஜி. வடிவிலோ படத்தை வையுங்கள். பக்க எண்ணையே கோப்பின் பெயராக்குங்கள். எழுத்துணரி தந்த உரையை மூலப்படத்துக்கு அருகே வைத்து இருவர் ஒப்பிடட்டும். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் படத்தைப் பார்க்கட்டும். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களை இதில் சேர்த்துக்கொள்வதில் தடையேதும் இல்லை. துதிக்கை வளைந்த லைகாரத்தை அவர்கள் ஒரே பக்கத்தில் கற்றுக்கொள்வர். மலரில் உள்ள மாணவர் முகவரி, அடையாள அட்டை எண் போன்றவற்றை உரையில் சேர்க்காமல் விடுங்கள். படமும் உரையும் ஒரே பெயரில், இரு வேறு இடங்களில், ஒன்றேனும் பள்ளிக் கட்டடத்திற்கு வெளியே இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கிவிடும். கீழ்த்தட்டிலுள்ள கட்டுகளிலிருந்து தொடங்குவது நலம்.